ட்ரம்கீலில் அப்பா நலம்

உம் ருமைலா, ஜோர்டான்
26 பிப்ரவரி 1998

ஃபின்டன்,

கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் அக்காவும் தம்பியும் கத்திக்கொண்டது போதும். கடிதம் என்றால் போவதற்கே பத்து நாள் ஆகும், கோபம் வழியிலேயே ஆறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் இன்னும் போகவில்லை. ஏழாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பெண்கள், ஒரே ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு. கணப்புக்குப் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு ஆங்கிலம் வருகிறது, கடைசிப் பெஞ்சுக்குச் சளி வருகிறது. இந்த வாரப் பாடம் 'கடற்கரையில் ஒரு நாள்'. படத்தில் ஒரு சிறுமி மணலில் வாளியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி கை தூக்கினாள். "மிஸ், அவ்ளோ தண்ணி பக்கத்துல இருக்கே, அந்தப் பொண்ணு எதுக்கு இத்துனூண்டு வாளி வச்சிருக்கா?" வாரம் ஒரு முறை லாரியில் தண்ணீர் வரும் ஊரில் இதற்கு என்ன பதில் சொல்வது? வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நான் கரும்பலகையைத் துடைத்தேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க, ஒரு முறை ஜன்னலில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இழுத்துவிட. மற்ற இரண்டு முறை எதற்கென்று எனக்கே தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன திங்கட்கிழமை மாலை நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், மெக்கா போய்வந்ததால் ஊரே ஹஜ் என்று கூப்பிடும் முத்லக், என் அறைக்கு வந்தார். இரண்டரை வருஷத்தில் அவர் என் வாசற்படியைத் தாண்டியதே இல்லை. எது சொல்வதானாலும் மனைவி உம் ராகானைத்தான் அனுப்புவார். அன்றைக்கு விசேஷத்துக்குப் போடும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். பின்னால் உம் ராகான், எங்கள் தலைமையாசிரியை இந்திஸார், பதினோராம் வகுப்புப் பெண்களின் அம்மாக்கள் ஒரு பத்துப் பேர். ஓடிப்போய் ஏலக்காய் தட்டிப் போட்டுக் காபி வைத்தேன். ஹஜ்ஜுக்கு முதலில் ஊற்றினேன். வாங்கினார், குடிக்காமல் தரையில் வைத்தார். எல்லாப் பெண்களும் அப்படியே வைத்தார்கள்.

காபி கெட்டுவிட்டது என்று நினைத்தேன், ஃபின்டன். வேறு எதுவும் தோன்றவில்லை. ஹஜ் வீட்டு நிச்சயதார்த்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வாசகம் கேட்டிருக்கிறேன். விருந்தாளிகளை உபசரிக்கச் சொல்வது போலிருக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். "குடிங்க ஹஜ், நீங்க வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க."

ஹஜ் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். இந்திஸார் என்னைக் கட்டிக்கொண்டாள். "என்ன கேக்க வந்தோம்னுகூடக் கேக்காமக் குடுத்துட்டியே! இப்படி ஒரு மனசை நான் எங்கயும் பாத்ததில்லடி!"

இங்கே பெரிதாக ஏதாவது கேட்க வருகிறவர்கள் கேட்டது கிடைக்கும்வரை காபியைத் தொடமாட்டார்கள். தொட்டுவிட்டால் வார்த்தை கொடுத்தாகிவிட்டது. அவர்கள் கேட்க வந்தது இதுதான்: பதினோராம் வகுப்புப் பெண்கள் பதினான்கு பேரும் அடுத்த வருஷம் அரசுப் பொதுத்தேர்வு எழுதும்வரை நான் இங்கே இருக்கவேண்டும். நான் போனால் வேறு ஆங்கில ஆசிரியர் இந்த ஊருக்கு வரமாட்டார். எனக்கு முன்னால் இரண்டு வருஷம் யாருமே இல்லை, எழுதிய அத்தனை பேரும் ஆங்கிலத்தில் தோற்று, அடுத்த கோடையில் கல்யாணமாகிப் போனார்கள்.

நான் வீடு திரும்புவது ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போகும், ஃபின்டன். இங்கே வார்த்தை மாறினால் பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள். நீயே யோசித்துப் பார்.

ப்ரோனா


ட்ரம்கீல், லைட்ரிம் மாவட்டம், அயர்லாந்து
9 மார்ச் 1998

ப்ரோனா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். அது என் தப்பு.

யோசித்துப் பார் என்கிறாய். காலை ஆறு மணிக்கு அப்பாவை எழுப்புகிறேன். சட்டையில் முதலில் இடது கை, ஏனென்றால் அது தானாக வராது. கஞ்சி, மாத்திரை, சவரம். பெக் அம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்ததும் தச்சு வேலைக்குப் போகிறேன். மதியம் ஓடி வருகிறேன். மறுபடி போகிறேன். மாலையில் மாடுகள். மூன்று வருஷமாக நான் யோசிப்பதற்கு மாட்டுக்கொட்டில்தான் இடம்.

உனக்கு மறந்திருக்கலாம், எழுதுகிறேன். 1995 ஏப்ரலில் அப்பா கொட்டிலில் விழுந்தார், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் இதே சமையலறையில் நீ சொன்னாய், மூன்று வருஷம் நீ பார்த்துக்கொள், பிறகு நான் வந்துவிடுகிறேன், நீ உன் வழியைப் பார் என்று. நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். குடிக்காமல் கீழே வைத்திருக்கவேண்டும் போலிருக்கிறது.

டெர்வ்லா ஜனவரியிலேயே கனடா போய்விட்டாள். ஹாலிஃபாக்ஸில் மருத்துவமனை வேலை. அதே ஊரில் படகு கட்டும் பட்டறையில் எனக்கு ஆகஸ்ட் ஒன்றிலிருந்து இடம் இருக்கிறது. எனக்காக ஒரு வருஷம் காலியாக வைத்திருக்க அவர்கள் என் மாமனார் இல்லை. டெர்வ்லாவும் கட்டிலில் தூங்கும் இளவரசி இல்லை. என்னைக் கட்டிக்கொள்ள ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தாள்.

ஒரே ஒரு கேள்வி. 'எங்கள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, நான் போகவேண்டும்' என்று அவர்களிடம் ஏன் சொல்லவில்லை? உலகத்தில் எந்த ஊர்க்காரனுக்கும் அது புரியுமே.

ஃபின்டன்


உம் ருமைலா
20 மார்ச் 1998

ஃபின்டன்,

கேள்வியை நேராகக் கேட்டுவிட்டாய். நானும் நேராகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி எழுந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விடுவேன்.

அப்பா இறந்துவிட்டதாக இங்கே சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் போடாதே, மீதியையும் படி. வந்த முதல் குளிர்காலம். உம் ராகான் என் அறையில் உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே கேள்வி கேட்பதுதான் மரியாதை. கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை, அம்மா இருக்காளா, எப்ப போனா, அப்பா இருக்காரா. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். 'உடம்பு முடியாத அப்பாவை விட்டுட்டு இங்க என்ன பண்றே?' அதற்கு என்னிடம் எந்த மொழியிலும் பதில் இல்லை. 'இறந்துவிட்டார்' என்றேன். அரபியில் அது ஒரே சொல், எத்தனை சுலபமாக வாயில் வந்தது தெரியுமா.

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். அது எங்கே முடிந்தது! உம் ராகான் அங்கேயே அழ ஆரம்பித்தாள். மறுநாள் காலை பள்ளியில் இந்திஸார் எல்லாப் பெண்களையும் நிற்க வைத்து அப்பாவுக்காகப் பிரார்த்தனை செய்ய வைத்தாள். நானூறு பெண்கள். பிறகு நாற்பது நாள் வீட்டுக்கு வீடு மாற்றி மாற்றிச் சோறு வந்தது. இன்றுவரை அப்பா என்ற சொல்லை நான் எடுத்தாலே கடைக்காரர்கூட, "இறைவன் அவருக்கு இரக்கம் காட்டட்டும்" என்கிறார்.

அதனால்தான் அவர்கள் வந்தார்கள், ஃபின்டன். எனக்காகக் காத்திருக்கிறவர்கள் ஊரில் யாருமில்லை என்று நினைத்துத்தான் வந்தார்கள். தம்பி ஒருவன் இருக்கிறான், அவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருந்தேன். இப்போது எந்த முகத்தோடு போய் அப்பா இருக்கிறார் என்பேன்? வார்த்தையும் மாறினவள், அப்பனையும் சாகடித்தவள் என்று ஆகிவிடும்.

வெட்கமாக இருக்கிறது. எழுதியபின் இன்னும் அதிகமாக இருக்கிறது.

ப்ரோனா


ட்ரம்கீல்
1 ஏப்ரல் 1998

ப்ரோனா,

நீ சாகடித்த மனிதர் இன்று காலை இரண்டு முட்டை சாப்பிட்டார். மூன்றாவது கேட்டார். நான் கொடுக்கவில்லை.

முட்டாள்கள் தினத்தில் உன் கடிதம் வந்தது, அதனால் கொஞ்ச நேரம் விளையாட்டு என்றே நினைத்தேன். பிறகு போய்க் கொட்டிலைச் சுத்தம் செய்தேன். மறுபடி சுத்தம் செய்தேன். மாடுகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன.

இத்துடன் ஒரு புகைப்படம் இருக்கிறது. எடுத்த நிமிஷமே படம் வெளியே வரும் பெக் அம்மாளின் கேமராவில் எடுத்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு அப்பாவை உட்காரவைத்து, நேற்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்தேன். தேதி தெரியும், பூதக்கண்ணாடி தேவையில்லை. பிணைக்கைதிகளை இப்படித்தான் எடுப்பார்களாம். யார் யாருக்குப் பிணை என்று நீயே முடிவு செய்துகொள். இதைக் கொண்டுபோய் உன் ஊராரிடம் காட்டு.

உன் மேல் கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். நானூறு பெண்கள் எழுந்து நின்றார்களாம். இங்கே அவருக்காக ஒருத்தி எழுந்து வந்தால் போதும் என்றிருந்தேன்.

ஃபின்டன்


உம் ருமைலா
15 ஏப்ரல் 1998

ஃபின்டன்,

இந்த முறை ஒரு வாரத்திலேயே படம் வந்துவிட்டது. அப்பா இளைத்திருக்கிறார். அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். முழங்கையில் ஒட்டுப் போட்டது நீயா? தையல் ரொம்ப நேராக இருக்கிறது, நீயாகத்தான் இருக்கும்.

இன்னும் காட்டவில்லை. பக்ரீத் பெருநாள் வந்துவிட்டது, பெருநாளில் எப்படிச் சொல்வது என்று விட்டேன். பிறகு உம் ராகானுக்குக் காய்ச்சல். பிறகு மாதத் தேர்வு. பைக்குள் படம் இருக்கிறது, பையை எடுத்துக்கொண்டுதான் எங்கேயும் போகிறேன். நேற்று மாலை ஊரைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். மூன்றாவது சுற்றில் கடைக்காரர், "டீச்சரம்மா, என்ன தொலைச்சீங்க? சொன்னா நானும் தேடுவேன்ல" என்றார். பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்குகிறேன், பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலமாரியில் வைக்கிறேன். இந்த வாரத்தில் இரண்டு தடவை ஆகிவிட்டது.

வத்ஹா என்று ஒருத்தி, ஹஜ்ஜின் மகள், அந்தப் பதினான்கு பேரில் முதலாவது. இந்த மாதம் கட்டுரைக்குத் தலைப்பு 'அடுத்த வருஷம்' என்று கொடுத்தேன். மற்றவர்கள் பத்து வரி எழுதினார்கள். அவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், கரக் நகரில் பல்கலைக்கழகம், விடுதியில் ஜன்னலோரக் கட்டில், அறையில் கூட யார் இருப்பார்கள் என்பதுவரை. அதில் சிவப்பு மையால் திருத்த என் கை வரவில்லை. இவர்களையும் நினைத்துப் பார், ஃபின்டன். நான் சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியை முதலில் எடுத்தது நீ இல்லை, அப்பா. "யாரு?" என்றார். "ப்ரோனாப்பா" என்றேன். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ப்ரோனா இங்க இல்லீங்க. வெளியூர்ல இருக்கா. வந்தா நீங்க கூப்பிட்டதாச் சொல்றேன்." அப்புறம் நீ வாங்கினாய், நான் உன்மேல் பாய்ந்தேன். எதற்குப் பாய்ந்தேன் என்று உனக்கு அன்று புரிந்திருக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலைக்கு இல்லை, சட்டை போட்டுவிடுவதற்கும் சோறு ஊட்டுவதற்கும் இல்லை. அந்த வீட்டில் போய் நின்று, நான் யாரென்று அவருக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வேன் என்று பயம். இங்கே தெருவில் போகிற ஆடு மேய்க்கிறவருக்குக்கூட நான் யாரென்று தெரியும்.

டிசம்பர்வரை பொறுக்க முடியுமா? பாதி வருஷமாவது நடத்திக்கொடுத்துவிட்டு வருகிறேன். டெர்வ்லாவிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன்.

ப்ரோனா


ட்ரம்கீல்
27 ஏப்ரல் 1998

ப்ரோனா,

டெர்வ்லாவிடம் நீ பேசவேண்டாம்.

ஜூலை ஐந்தாம் தேதி ஷானனிலிருந்து எனக்கு விமானம். சீட்டு வாங்கிவிட்டேன்.

மாவட்ட முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. ஜன்னலோரம் ஒரு கட்டில் தருகிறேன் என்கிறார்கள், ஜன்னல் வழியாகக் கார்கள் நிறுத்தும் இடம் தெரிகிறது. ஒரு அறையில் ஆறு பேர். அப்பாவை அழைத்துப்போய்க் காட்டினேன். எல்லோரிடமும் கை குலுக்கினார், பிறகு என்னிடம், "நல்ல ஜனங்க. வா, வீட்டுக்குப் போலாம், மாடு கத்தும்" என்றார். கட்டில் வேண்டுமா வேண்டாமா என்று ஜூன் பத்தாம் தேதிக்குள் சொல்லவேண்டும். நீ வருகிறாய் என்றால் வேண்டாம் என்பேன். இல்லையென்றால் மூன்றாம் தேதி கொண்டுபோய் விடுவேன்.

உனக்கு மட்டும்தான் பயம் என்று எழுதியிருக்கிறாய். இங்கிருந்து போய்விட்டால் அப்பாவை நினைக்காமல் ஒரு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். இருந்தாலும் போகிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது ஆகிறது.

இனி உன்னைக் கேட்கமாட்டேன். தெரிவிக்கவேண்டியதைத் தெரிவித்துவிட்டேன்.

ஃபின்டன்


உம் ருமைலா
14 மே 1998

ஃபின்டன்,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை மஆன் நகர அஞ்சல் நிலையத்து வாசலிலேயே நின்று படித்தேன். 'மாடு கத்தும்' என்ற இடத்தில் எனக்கு அப்பாவின் குரல் அப்படியே கேட்டது. மஆனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உம் ராகானிடம் போனேன். முற்றத்தில் கவிழ்த்த இரும்புச் சட்டியில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டினேன்.

"யாரு இது?"

"எங்க அப்பா."

"இறைவன் அவருக்கு இரக்கம் காட்டட்டும்." கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். "நல்ல முகம். உன்னை உரிச்சு வச்சிருக்கு. எப்ப எடுத்தது?"

"ஏப்ரல் மாச ஆரம்பத்துல."

"எந்த வருஷம்?"

"இந்த வருஷம்."

ரொட்டி கருகியது. அந்த வீட்டில் ரொட்டி கருகி நான் பார்த்ததே இல்லை. அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டிலில் விழுந்தது, நீ, டெர்வ்லா, ஜூலை. என் அரபி பாதி வழியில் தடுமாறியது, ஆனாலும் சொன்னேன்.

"உயிரோட இருக்கிற மனுஷனுக்கா நான் இத்தன நாளா துவா கேட்டேன்?" என்றாள். பிறகு குரல் ஏறியது. "நாப்பது நாள் உனக்குச் சோறு தூக்கிட்டு வந்தோமேடி! அதுவும் அந்த மழையில! எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"பயந்துட்டேன்."

"யாரைப் பாத்து? என்னையா?"

"அப்பனை விட்டுட்டு ஏன் வந்தேன்னு கேப்பீங்கன்னு."

"கேட்டிருப்பேன்தான். கேட்டுட்டு அதே சோத்தையும் போட்டிருப்பேன்."

படத்தை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் பேசவில்லை. ஃபின்டன், இந்த முற்றத்தில் இரண்டரை வருஷமாக அவள் குரல் கேட்காத காலையே கிடையாது. பள்ளிக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது. ஆசிரியைகள் நான் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இந்திஸார் மட்டும், "நானூறு பிள்ளைகளை நிக்க வச்சேன், ப்ரோனா. இப்ப அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். பிறகு கால அட்டவணையை எடுத்து, என் பெயர் இருந்த இடங்களில் பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் ஹஜ் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, அப்பா இல்லாத பொண்ணு, ஊர்ல யாருமில்லன்னு நெனச்சுத்தான் உன் வாசல்ல வந்து நின்னோம். அப்பா படுத்திருக்காருன்னு தெரிஞ்சிருந்தா எங்களுக்கு வாயே வந்திருக்காது. பெத்தவர்கிட்டேர்ந்து பொண்ணைப் பிரிச்சு வச்சோம்னு எங்களுக்குப் பேர் வேணாம். கேட்டதை நாங்களே திருப்பி எடுத்துக்கறோம். நீ போ."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "இரு, இன்னும் முடியல" என்றார். "நீ சொன்னது சின்னப் பொய் இல்ல. அது எங்களுக்கு வலிக்குது. அதுவும் உனக்குத் தெரியட்டும்." அவ்வளவுதான், போய்விட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெண்களிடம் நானே சொன்னேன். பதினான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். போவதற்குள் அடுத்த வருஷப் பாடம் முழுவதையும் கேசட்டில் பேசிப் பதிவு செய்து தருகிறேன், கட்டுரைகளைத் தபாலில் அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன் என்றேன். வத்ஹா எழுந்தாள்.

"நாங்க தப்பாச் சொன்னா கேசட்டு திருத்துமா மிஸ்?"

அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆனால் மறுநாள் மாலை வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தன் அண்ணனின் டேப் ரிக்கார்டரை மேஜைமேல் வைத்து, "சீக்கிரம் ஆரம்பிங்க, பேட்டரி தீந்துரும்" என்றாள். இதுவரை ஒன்பது கேசட் முடிந்திருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது. பத்தாவதில் என் குரல் தவளைக் குரல். அவள் எதிரே உட்கார்ந்து, நான் தடுமாறும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி பேச வைக்கிறாள். அவளை நான் நட்டாற்றில் விட்டுவிட்டு வருகிறேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியவில்லை.

நேற்று உம் ராகான் வந்தாள். உட்கார்ந்ததும், "எழுது" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்பாவிடம் படித்துக்காட்டு: "பெரியவரே, என் நாக்கு உங்களைத் தெரியாம மண்ணுக்குள்ள வச்சிருச்சு. என் நாக்கை மன்னிச்சுருங்க. உங்க பொண்ணோட நாக்கை மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உங்க வீட்டு விஷயம், அதுல நான் வரமாட்டேன். உங்களுக்கு ஆயுசு கெட்டி. நல்லாச் சாப்பிடுங்க."

கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஜூன் முப்பதாம் தேதி அம்மானில் விமானம் ஏறுகிறேன், ஒன்றாம் தேதி மாலை பஸ்ஸில் வந்துவிடுவேன்.

பயம் போகவில்லை. ஃபின்டன், உண்மையைச் சொல். அவருக்கு என்னைத் தெரியுமா?

ப்ரோனா


ட்ரம்கீல்
26 மே 1998

ப்ரோனா,

கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதியோர் இல்லத்து அம்மாள், "உங்க அக்கா வந்துட்டாங்களா?" என்றாள். "வந்துக்கிட்டு இருக்கா" என்றேன்.

உம் ராகான் சொன்னதை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"யாரு செத்தா?" என்றார்.

"யாரும் சாகலப்பா."

"அப்பச் சரி. நல்லாச் சாப்பிடச் சொல்றாங்களே, அந்த முட்டையைக் கொண்டா."

மூன்றாவது முட்டையைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றாம் தேதி பஸ் நிலையத்தில் இருப்பேன். அதற்குப் பிறகு நான்கு நாள் நாம் மூன்று பேரும் சேர்ந்து இருக்கலாம். மாத்திரை நேரம், சவரக் கத்தி, எந்த மாடு உதைக்கும் என்பதெல்லாம் சொல்லித்தருகிறேன். நான் ஜன்னலோரம் உன் மேஜையைப் போட்டிருக்கிறேன், அந்தப் பெண்களின் கட்டுரை வந்தால் திருத்தவேண்டுமே. பெக் அம்மாளிடம் டேப் ரிக்கார்டர் இருக்கிறது, இன்னும் கேசட் பேசி அனுப்பவேண்டுமானால் அனுப்பு. அந்த வத்ஹாவுக்கு நான் செய்ததும் அநியாயம்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை.

உண்மையைச் சொல் என்று கேட்டாய். அவருக்கு உன்னைத் தெரியாது. பக்கத்திலேயே இருக்கிற என்னையே வாரத்தில் பாதி நாள் பால் வண்டிக்காரன் என்று நினைக்கிறார். முதலில் நான் அழுதேன், கொட்டிலில்தான். பிறகு தினமும் காலையில் திரையை விலக்கியதும் நானே முந்திக்கொண்டு சொல்லப் பழகினேன். "நான் ஃபின்டன். உங்க பையன்." "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று கை குலுக்குவார். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் தெரியும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு இது பழக ஒரு வருஷம் ஆயிற்று. உனக்கு அவ்வளவு நாள் ஆகாது. தெரியாதவர்களிடம் ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல், கோபப்படாமல், இன்றைக்குத்தான் முதல் தடவை என்பது போலச் சொல்வதுதானே உன் தொழில். இங்கே வகுப்பில் ஒருத்தர்தான்.

ஃபின்டன்